ஏழாம் பாத்தி அவரை

மாரியாத்தாள் அக்காவின் அவரைக் கொடியைப் பிடுங்கிப் போட்டது நான்தான். இங்கே முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். அன்றைக்கு அவர் வீட்டாரிடம் வாயைத் திறந்து சொல்லக் கிட்டத்தட்ட மூன்று வாரம் பிடித்தது.

தொண்டாமுத்தூர் ரோட்டில் எங்கள் லேஅவுட்டில் பொது உபயோகத்துக்கு ஒதுக்கிய ரிசர்வ் சைட் பத்து வருடமாகப் பார்த்தீனியமும் காலி பாட்டிலுமாகக் கிடந்தது. இருபது குடும்பம் சேர்ந்து சுத்தம் செய்து, ஆளுக்கொரு பாத்தி பிரித்துக்கொண்டோம். ஞாயிறு காலை எல்லாரும் வந்து பொதுவேலை செய்ய வேண்டும். வர முடியாதவர் வாட்ஸ்அப் குழுவில் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் மூன்று ஞாயிறு வராவிட்டால் பாத்தி அடுத்தவருக்குப் போய்விடும். இந்தச் சட்டத்தைப் போட்டவளும் நான், கேட் சாவி வைத்திருந்தவளும் நான். வெங்கடலட்சுமியிடம் வாயைக் கொடுத்தால் மீள முடியாது என்று என் காதுபடவே பேசுவார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

ஏழாம் பாத்தி மாரியாத்தாள் அக்காவுடையது. அன்னூரில் அவர் அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த விதை. காயின் ஓரம் கருஞ்சிவப்பாக ஓடும். தண்ணீர் ஊற்றி முடித்ததும் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் போவார். எங்களில் வேறு யாருக்கும் அந்தப் புத்தி கிடையாது.

அக்கா மூன்று ஞாயிறு வரவில்லை. குழுவில் ஒரு வார்த்தை இல்லை. அந்த வீட்டில் இருந்ததே ஒரு பட்டன் போன்தான் என்பது எனக்குத் தெரியும். பெயர் பதியாத ஒரு எண்ணிலிருந்து இரண்டு முறை எனக்கு அழைப்பு வந்ததும் தெரியும். முதல் முறை சமையலில் இருந்தேன். இரண்டாவது முறை சும்மாதான் இருந்தேன். ஏதாவது லோன்காரன் என்று விட்டுவிட்டேன்.

நாலாவது ஞாயிறு, பந்தல் நிறையப் பூவும் பிஞ்சுமாக இருந்த கொடியை வேரோடு இழுத்து உரக்குழியில் போட்டேன். "ஒரு வாரம் பொறுக்கலாமுங்களே" என்று யாரோ சொன்னார்கள். "சட்டம்னா எல்லாத்துக்கும் ஒண்ணுதானுங்க" என்றேன். வரிசையில் காத்திருந்த மௌனிகா அன்றைக்கே அங்கே தண்டுக்கீரை விதைத்தாள்.

புதன்கிழமை மாரியாத்தாள் அக்கா இறந்துபோனார். சிறுநீரகக் கோளாறாம், ஒரு மாதமாக ஆஸ்பத்திரியில் இருந்தாராம். நான் துக்கத்துக்குப் போய் வாசலில் நின்று, செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிவிட்டேன்.

அடுத்த நாள் காலை மௌனிகா கூப்பிட்டாள். "ஆன்ட்டி, ஏழாம் பாத்திக்கு நீங்க தண்ணி ஊத்துனீங்களா?" மண் ஈரமாக இருந்தது. பக்கத்தில் வாளி கவிழ்ந்திருந்தது. நான் அதை நிமிர்த்தி வைத்து, கேட்டைப் பூட்டி, சாவியை என் இடுப்பிலேயே செருகிக்கொண்டேன். மறுநாளும் வாளி கவிழ்ந்திருந்தது. அதற்கு மறுநாளும்தான். மௌனிகா கீரையைப் பார்க்க வருவதை நிறுத்திவிட்டாள். நாய் தள்ளியிருக்கும் என்று எல்லாரிடமும் சொன்னேன். நாய் தண்ணீர் ஊற்றுமா என்று யாரும் கேட்காதது அவர்களுடைய நல்ல மனசு.

பதினாறாம் நாளுக்கு முந்தின நாள் அக்காவின் கணவர் ராசப்பன் அண்ணன் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஆள் பாதியாகியிருந்தார்.

"ஏனுங்க அம்மணி, நாளைக்குக் கருமாதிங்க. அவ கொடியில ஒரு கை அவரக்கா பறிச்சுக் குடுத்தீங்கன்னா படையலுக்கு ஆகுமுங்க. எனக்குத் தோட்டத்துப் பக்கம் வர மனசு வரலீங்க."

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது, தைரியம் இல்லை. "கொண்டாந்து தாரேனுங்ணா" என்றேன். விடிந்ததும் ஆர்.எஸ்.புரம் உழவர் சந்தைக்கு ஓடினேன். ஓரம் சிவந்த அவரை ஒரு கடையிலும் இல்லை. பச்சை அவரையை வாங்கி, சந்தைப் பையை மாற்றி, என் வீட்டு மஞ்சப்பையில் போட்டுக் கொடுத்தேன். செடி கொடி பற்றி அண்ணனுக்கு ஒன்றும் தெரியாது. வித்தியாசம் தெரிந்த ஒரே ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று நினைத்தேன்.

அவர்கள் மொட்டை மாடியில் இலை போட்டு, சோறும் அவரைப் பொரியலும் வைத்து, காக்காயைக் கூப்பிட்டார்கள். அது சாப்பிட்ட பிறகுதான் கீழே பந்தி. தண்ணீர்த் தொட்டி மேல் நாலு காக்கைகள் உட்கார்ந்திருந்தன. ஒன்றும் இறங்கவில்லை. பத்து மணி ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. மகள் அன்புக்கரசிக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிக்கொண்டது.

ராசப்பன் அண்ணன் இலைக்கு முன்னால் மடிந்து உட்கார்ந்தார்.

"எம்மேலதான் கோவமுங்க அவளுக்கு. ஆஸ்பத்திரில தெனமும் கேப்பா, கொடிக்குத் தண்ணி ஊத்தச் சொல்லியாச்சான்னு. அம்மணி, உங்களுக்கு ரெண்டு வாட்டி போன் போட்டேனுங்க. எடுக்கலீங்க. 'அம்மணிகிட்டச் சொல்லிப்போட்டேன், அவங்க ஊத்தறாங்க'ன்னு அவகிட்டப் பொய் சொல்லிட்டேன். கட்டுன நாள்ல இருந்து அவகிட்ட நான் சொன்ன ஒரே பொய் அதுங்க. சாகறவகிட்டப் போயிச் சொன்னேன் பாருங்க."

என் கால் கீழே இறங்கப் பார்த்தது. காக்கைகள் நாலும் என்னையே பார்ப்பதாகத் தோன்றியது. அப்படியே இறங்கிப் போயிருந்தால் அந்த மனிதர் சாகிற வரைக்கும் தன்னைத்தானே தின்றிருப்பார்.

"அண்ணா, அந்தப் போனை எடுக்காம உட்டது நாந்தானுங்க" என்றேன். "கொடியப் புடுங்கினதும் நாந்தான். பூவும் பிஞ்சுமா இருந்துச்சு. இது சந்தையில வாங்குன காய்."

இலையிலிருந்த பொரியலை அன்புக்கரசி விரலால் வழித்து எடுத்துக்கொண்டு எழுந்தாள். என்னைத் திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். திட்ட வேண்டும் என்று ஆசையாகவே இருந்தது.

ராசப்பன் அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். "அப்ப எம்மேல கோவமில்லீங்களா அவளுக்கு?"

"இல்லீங்ணா. எம்மேலதான்."

அவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அழுது முடிப்பதற்குள் ஒரு காக்கை இறங்கி வெறும் சோற்றைக் கொத்தியது. பிறகு மற்ற மூன்றும் இறங்கின. "சொன்னீங்களே, நல்லா இருங்க" என்று அவர் என்னைக் கும்பிட்டார். அதற்கு இரண்டு அறை விட்டிருக்கலாம்.

படி இறங்கும்போது அன்புக்கரசி என்னை நிறுத்தினாள். கையில் அந்தப் பொரியல் இன்னும் இருந்தது.

"எங்கம்மாவுக்குக் கடைசில நெனவே தப்பித் தப்பித்தானுங்க வந்துச்சு. நெனவு வரும்போதெல்லாம் உங்களைத்தான் சொல்லும். அந்தம்மா நல்லா இருக்கோணும், எம்பட கொடிய உசுரோட வச்சிருக்கறாங்கன்னு சொல்லும். அதச் சொல்லிக்கிட்டேதானுங்க கண்ணை மூடுச்சு."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான்.

கோபித்துக்கொண்டு போன ஆவி என்றால் காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுவிடலாம். வாழ்த்திவிட்டுப் போனவரிடம் நான் போய் என்னவென்று கேட்பேன்?