மூன்றாம் ஓலை

ஊர்க் கோழிக்கு முன்னால் எங்கள் வேன் கூவிவிடும். சதுரங்கப்பட்டினத்தில் என்னை ஏற்றி, புதுப்பட்டினம் முனையில் ஜெசிந்தா அக்காவை ஏற்றி, திருக்கழுக்குன்றத்தில் கிருபாகரனையும் ஜெபக்குமாரையும் அள்ளிப் போட்டுக்கொண்டு, செங்கல்பட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கும் கண்ணாடிக் கட்டடத்தில் விடிவதற்குள் எங்களைக் கொட்டியாக வேண்டும். ஓட்டுநர் கேசவனுக்கு அது தினப்படி ஓட்டப் பந்தயம். எங்களுக்கோ தூங்கக் கிடைத்த கடைசி இடம். ஜன்னல் கம்பியில் இடித்து இடித்து என் நெற்றியில் ஒரு காய்ப்பே விழுந்திருக்கிறது.

"ஏசி ரூம் வேல, உனக்கின்னா பிரிசில்லா?" என்று ஊரில் கேட்பார்கள். வந்து ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கட்டும். அந்தக் குளிர் இயந்திரங்களுக்காக வைத்தது, எங்களுக்காக அல்ல. சால்வையைப் போர்த்திக்கொண்டு, காதை ஹெட்போன் அழுத்த, கண்ணில் மணல் விழுந்த மாதிரி எரிய எரிய ஆளுக்கு மூன்று திரையைப் பார்த்துக்கொண்டிருப்போம். சிவப்பு விளக்கு எரிந்தால் ஒன்றுக்குப் போகக்கூட எழுந்திருக்க முடியாது. என் அம்மா செய்யூர்ப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் குனிந்து நாற்று நட்டு இடுப்பு போனவள். எனக்கு உட்கார்ந்தே போய்க்கொண்டிருக்கிறது.

அங்கேயே வந்து சேரும் கவியா, சிநேகாவோடு நாங்கள் ஆறு பேரும் ஒப்பந்த ஆட்கள். பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் ஒரு ஸ்கேன் மையத்தின் கணினி வலையைக் காப்பது எங்கள் வேலை. நோயாளிகளின் படங்களும் அறிக்கைகளும் கிளவுடில், அதாவது எங்கோ இருக்கும் வாடகைக் கணினிகளில் கிடக்கும். அவற்றின் வாசலில் ஃபயர்வால் நிற்கும். உள்ளே வருவதும் வெளியே போவதும் அதன் கண்ணில் பட்டுத்தான் நடக்க வேண்டும்.

அந்த வலைக்குள் கைவைக்க முழு அதிகாரமுள்ள ஐடி தேவை. ஆளுக்கொன்று வாங்கினால் செலவு என்று எங்கள் மேலாளர் ஹரிகிருஷ்ணன், மூத்தவளான ஜெசிந்தா அக்காவின் பெயரில் ஒன்றே ஒன்று வாங்கினார். ஓடிபி வருவதற்கென்று மேசையில் ஒரு பொதுப் போன் கிடக்கும். ஆள் மாறி உட்காரும்போது டீயோடு சேர்ந்து பாஸ்வேர்டும் கைமாறும். கணினிக்குள் நாங்கள் எல்லோருமே ஜெசிந்தாதான். "இன்னிக்கு நாந்தான் ஜெசிந்தா, எவனும் வம்புக்கு வராதீங்க" என்று ஜெபக்குமார் மீசையை முறுக்குவான். விழுந்து விழுந்து சிரிப்போம். அது தப்பான பழக்கம் என்று தெரிந்தேதான் சிரித்தோம்.

அந்த வாரம் ஜெசிந்தா அக்காவின் முகத்தில் தனிக் களை. அவளுக்கும் கிருபாகரனுக்கும் எங்கள் ஊர் மாதா கோயிலில் இரண்டு ஓலை படித்தாகிவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் மாப்பிள்ளை, பெண் பெயரை வாசித்து, "தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம்" என்று சாமியார் கேட்பார். வாசிப்பது காகிதம்தான், பெயர் மட்டும் இன்றைக்கும் ஓலை. மூன்றாம் ஓலை முடிந்தால் புடவை எடுக்கப் போவதாக இருந்தோம்.

புதன்கிழமை விடியலில் ஸ்கேன் மையத்திலிருந்து அழைப்பு வந்தது. மார்பில் கட்டி என்று படம் எடுத்துப்போன ஒரு பெண்ணுக்கு எவனோ போன் செய்து, "உன் படம் என்னிடம் இருக்கிறது, பணம் போடு" என்று மிரட்டியிருக்கிறான். அவளுக்கு மட்டுமல்ல, இன்னும் பலருக்கும்.

நானும் அக்காவும் திரையின் முன்னால் குந்தினோம். படங்கள் கிடக்கும் கணினியிலிருந்து தரவு கொட்டிக்கொண்டிருந்தது. ஃபயர்வாலின் பதிவைத் திறந்தால் ஒன்றுமே இல்லை, வெறிச்சென்று கிடந்தது.

"இன்னாக்கா இது? வெளிய போய்கினே கீது, வாசல்ல ஒண்ணும் பதியல."

"அப்ப வாசல் வழியா போகலடி. அந்த மெஷினயே கேளு, எந்த வழிய நம்பிகினு போவுதுன்னு."

கேட்டேன். அந்தக் கணினி பின்பற்றும் வழிகளெல்லாம் வரிசையாக விழுந்தன. 'எங்கே போவதானாலும் ஃபயர்வால் வழியாகப் போ' என்ற பொதுவழி சரியாகத்தான் இருந்தது. ஆனால் அதன் கீழே இன்னொன்று: காப்புப் பிரதி எடுக்கும் வெளி நிறுவனத்தின் முகவரிகளுக்கு மட்டும் நேர்வழி. குறிப்பிட்டுச் சொன்ன வழி ஒன்று இருந்தால் வலை பொதுவழியைச் சட்டை செய்யாது. பரனூர் டோல்கேட்டில் எத்தனை கேமரா இருந்தென்ன, வண்டி ஊருக்குள் புகுந்து அந்தப் பக்கம் ஏறிவிட்டால்? அந்த வெளி நிறுவனத்துக்குள் திருடன் புகுந்திருக்கிறான். அங்கிருந்து நேராக எங்கள் வீட்டுக்குள் நடந்து வந்திருக்கிறான்.

திரும்பி வரவும் அதே போல ஒரு நேர்வழி போட்டிருந்தது. போகும்போது ஒரு பாதை, வரும்போது வேறு பாதை என்றால் ஃபயர்வால் பாதிப் பேச்சை மட்டும் கேட்டு அறுத்துவிடும். அது தெரிந்த கைதான் இரண்டையும் சோடியாகப் போட்டிருந்தது. இரண்டுக்கும் பெயர் வைத்திருந்தது: கழுகு-1, கழுகு-2.

மவுஸ் மேலிருந்த அக்காவின் கை அப்படியே நின்றுவிட்டது. தற்காலிகமாக எதைப் போட்டாலும் தன் ஊர் மலைக் கழுகுகளின் பெயரை வைப்பது கிருபாகரன் ஒருவன்தான். அது எங்கள் ஆறு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. பதிவேட்டில் மாற்றியவர் பெயர் ஜெசிந்தா என்றே இருந்தது.

"அக்கா..."

"மொதல்ல வழிய மூடு பிரிசி. அப்பறம் அழுவலாம்."

இரண்டையும் எடுத்தோம். சோதனைக்கு ஒரு கோப்பை அனுப்பினோம். ஃபயர்வாலின் பதிவில் வரிகள் ஓடத் தொடங்கின. வேலை முடிந்த நிம்மதி அவள் முகத்தில் ஒரு துளியும் இல்லை.

மதியம் ஹரிகிருஷ்ணன் எங்களைக் கூட்டினார்.

"மாத்தினது யார் ஐடி?"

"என் ஐடி சார்" என்றாள் அக்கா.

"அப்ப நீங்கதானே பொறுப்பு?"

"ஆறு பேரும் அதுலதான் வேல செய்றோம். நீங்க வச்ச ஏற்பாடு."

"நான் அப்படி எங்கயும் எழுதிக் குடுக்கல. பாஸ்வேர்ட யாருக்கும் தர மாட்டேன்னு நீங்கதான் கையெழுத்து போட்டிருக்கீங்க."

ஜெபக்குமார் எழுந்தான். "இன்னா சார் அநியாயமா கீது! செலவுன்னு ஒத்த ஐடி வாங்கினது நீங்க, மாட்டறது அவங்களா?"

"உக்காருங்க. வேற யாராவது செஞ்சிருந்தா அவங்க சொல்லட்டும். இப்பவே சொல்லட்டும்."

அக்கா கிருபாகரனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். நான் வாயைத் திறந்தேன். மேசைக்கு அடியில் அவள் என் கையை நெரித்தாள். அவனே சொல்ல வேண்டும் என்று அந்தப் பிடி கெஞ்சியது.

அக்கா கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தாள். திருடியைக் கூட்டிப் போவது போலக் காவலாளி அவளைக் கூட்டிப் போனான். கவனக்குறைவு என்று எழுதி அனுப்பப்பட்டவளை இனி இந்தத் தொழிலில் எவன் எடுப்பான்? அவள் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவள்.

திரும்பும் வேனில் அவள் இருக்கை காலியாக வந்தது. ஜெபக்குமார் பின்னால் திரும்பி உட்கார்ந்தான்.

"மச்சான், கழுகு யாருதுடா?"

கிருபாகரன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு சொன்னான். "சார் போன்ல சொன்னாரு. ஃபயர்வால் வழியா அவ்ளோ படம் போனா பில்லு எகிறுதாம். கொஞ்ச நாளைக்கு நேரா வுடு, அப்பறம் எடுத்துடலாம்னாரு. நானும் கேட்டுகினே இருந்தேன், எடுக்க வுடல."

"அத்த அங்க சொல்றதுக்கு இன்னா?"

"பர்மனென்ட் ஆர்டர் ரெடியா கீதுன்னு காலைல கூப்ட்டு சொன்னாரு. வூடு தளம் போடாம பாதில நிக்குது. அவ வந்து இருக்கப் போற வூடுதானேடா அது..."

புதுப்பட்டினம் முனையில் கேசவன் பழக்க தோஷத்தில் வண்டியை நிறுத்தினார். இறங்க ஆள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஜெசிந்தா அக்காவின் அப்பா மோசஸ் முதல் வரிசையில் இருந்தார். ஒப்பந்தத் துப்புரவு வேலை செய்யும் மனிதர், கல்யாணத்துக்குத் தைத்த சட்டையை அன்றைக்கே போட்டுக்கொண்டு வந்திருந்தார். கிருபாகரன் கடைசித் தூண் ஓரமாக நின்றான். பூசை முடிவில் சாமியார் காகிதத்தை விரித்தார். வேறொரு சோடியின் ஓலையை வாசித்தார். காகிதத்தை மடித்துவிட்டார்.

பெண்கள் பக்கம் குசுகுசுப்பு எழுந்தது. மோசஸ் எழுந்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்து மகளைத் தேடினார். பூசைக்கு முன்னாலேயே அவள் சாமியார் அறைக்குப் போய், "தடை இருக்குது சாமி. சொல்றவளும் நாந்தான்" என்று சொல்லிவிட்டிருக்கிறாள். அந்தக் கிழவரின் புதுச் சட்டையைப் பார்க்க எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

வெளியே மணலில் கிருபாகரன் ஓடி வந்து அவளை மறித்தான்.

"ஜெசி, நாளைக்கே சொல்லிடறேன். வேல போனா போவுது. ஓலைய படிக்கச் சொல்லு."

"உன்ன நான் காட்டிக் குடுக்கல கிருபா. நீயா சொல்லுவேன்னு பாத்துகினு நின்னேன். லிஃப்ட் கதவு மூடற வரைக்கும் திரும்பித் திரும்பிப் பாத்தேன்." குனிந்து செருப்பைக் கழற்றினாள். "வூட்டுக்காகன்னு சொன்னியாமே. தளம் இல்லன்னா ஓலை கூரைல இருந்திருப்பேனே."

"தப்புதான். மன்னிச்சிடு."

"மன்னிச்சிட்டேன். ஆனா உன் பக்கத்துல படுத்து என்னால தூங்க முடியாது. சொல்லு, போய் சொல்லு. எனக்காக வேணாம். நாளைக்கு அந்த ஐடிய பிரிசி பேர்ல மாத்தப் போறாங்களாம். அவளுக்காக சொல்லு."

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சுடுமணலில் அப்பாவை நோக்கி நடந்தாள். அவன் மண்டியிட்டு அழுதான். ஜெபக்குமார்தான் அவனைத் தூக்கி நிறுத்தினான். அன்று சாயங்காலம் வரைக்கும் நாங்கள் கடற்கரையில் உட்கார்ந்து பேசினோம். செங்கல்பட்டில் இருக்கும் கவியாவையும் சிநேகாவையும் போனிலேயே சேர்த்துக்கொண்டோம்.

திங்கட்கிழமை ஹரிகிருஷ்ணன் சிரித்த முகமாக வந்தார். பொதுப் போனை என் முன்னால் நகர்த்தினார்.

"வாழ்த்துகள் பிரிசில்லா. இனிமே நீங்கதான் லீட். ஐடி உங்க பேர்ல."

"வேணாம் சார்."

"ஏன்?"

"ஆறு கைக்கு ஒரு பேரு இனிமே கிடையாது. ஆளுக்கொரு ஐடி குடுங்க. மொதல்ல ஜெசிந்தாக்காவ திரும்பக் கூப்புடுங்க."

"தப்பு செஞ்சவங்களையா?"

கிருபாகரன் எழுந்தான். "வழி போட்டது நான். போடச் சொன்னது நீங்க."

"அதுக்கு ஆதாரம் இருக்கா?"

"நான் இருக்கேன்" என்றான்.

"நாங்க எல்லாரும் இருக்கோம்" என்றாள் கவியா. "பேஜாரு வேணாம் சார். ஸ்கேன் சென்டர்காரங்களுக்கும் இப்பவே சொல்லப் போறோம்."

"சொன்னா அஞ்சு பேருக்கும் வேலை கிடையாது. உங்க ஒப்பந்தக்காரருக்கு ஒரு போன் போதும்."

"போடுங்க" என்றான் ஜெபக்குமார்.

நடந்ததையெல்லாம் ஸ்கேன் மையத்துக்கு எழுதி அனுப்பினோம். நோயாளிகளின் வேலை நின்றுவிடக் கூடாது என்று, திறந்து கிடந்த புகார்களையெல்லாம் நிரந்தர ஊழியர்களிடம் ஒப்படைத்தோம். அவர்களில் சுஷ்மிதா என்ற பெண், மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டு, "என் ஐடியையும் ரெண்டு பேர் யூஸ் பண்றாங்க" என்று மெல்லச் சொன்னாள். அட்டைகளைக் கழற்றாமலேயே வெளியே வந்து கேட்டுக்கு முன்னால் நின்றோம். தார்ச்சாலை கொதித்தது. கேசவன் வேனை ஓரங்கட்டிவிட்டு, "என் வண்டியும் காண்ட்ராக்ட்தாம்மா" என்று எங்களோடு வந்து நின்றார்.

அரைநாள் ஆகியும் உள்ளேயிருந்து ஆள் வரவில்லை. ஒப்பந்தக்காரரின் அழைப்பு மட்டும் மாறி மாறி எங்கள் போன்களில் அடித்து ஓய்ந்தது. நான் அக்காவுக்கு ஒரே ஒரு செய்தி அனுப்பியிருந்தேன்: அவன் சொல்லிட்டான். நாங்க கேட்டாண்ட நிக்கறோம். பதில் வரவில்லை.

வெயில் சாயும் நேரத்தில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. ஜெசிந்தா அக்கா இறங்கினாள். பின்னாலேயே தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு மோசஸ். கிருபாகரன் தன் பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்தான். அவள் அந்த இடத்தைப் பார்த்தாள், அவன் முகத்தையும் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"எதுனா துன்னீங்களாடி?"

இல்லை என்று தலையாட்டினேன். அழுகை வந்துவிட்டது.

கொண்டுவந்த பொட்டலத்தைப் பிரித்து எல்லோருக்கும் கொடுத்தாள். அவனுக்கும் கொடுத்தாள், முகம் பார்க்காமல். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, எனக்கும் கவியாவுக்கும் நடுவில், கேட்டைப் பார்த்தபடி நின்றாள்.