நாலு பட்டை ஊசி

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், போவதற்குத்தான் நேரமாகும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் நான் இரண்டு தடவை கோபப்படுகிறேன். இரண்டு தடவையும் தப்பு என் பேரில்தான்.

பெயர் வீரமலை. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் டர்னர். லேத்து மெஷினில் இரும்பைச் சுழலவிட்டுச் சீவி உருட்டுவது வேலை. பதினாறு வருஷ சர்வீஸ். ஐம்பத்தெட்டாம் வருஷம் தை மாதத்தில் ஒருநாள், ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் ரயில் நிற்பதற்குள் குதித்து இறங்கினேன். யாரும் தள்ளவில்லை. எல்லாருக்கும் முன்னால் போய் டவுன் பஸ்ஸில் இடம் பிடிக்க வேண்டுமாம் எனக்கு. இடது கால் முழங்காலுக்கு ஒரு சாண் கீழே போய்விட்டது.

புண் ஆறி எழுந்து உட்கார ஆனி மாதம் ஆயிற்று. ரயில்வே டாக்டர் ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி வரச் சொன்னார். அன்றைக்கு நான் அவர் முன்னால் நடந்து காட்ட வேண்டும். லேத்து முன்னால் எட்டு மணி நேரம் நிற்பேன் என்று அவருக்குத் தோன்றினால் பழைய வேலை. தோன்றாவிட்டால் ஸ்டோரில் உட்கார்ந்து சீட்டு கிழித்துக் கொடுக்கிற வேலை. சம்பளம் குறைவதைக் கூடப் பொறுத்துக்கொள்வேன். என் லேத்தில் இன்னொருத்தன் கை வைப்பதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

மரக்கால் ஒரு தச்சர் செய்து கொடுத்தார். அதை உடம்போடு சேர்த்துப் பிடிப்பது தோல் உறை. தொடைவரை ஏறி, ஷூ மாதிரி கயிறு போட்டு இறுக்கிக் கட்டுவது. நடக்கும்போது பாரம் முழுக்க அதன் தையலில்தான் விழும். புத்தூரில் ஆஸ்பத்திரிக்குப் பின்புறம் ஒரு தகரக் கொட்டகையில் லூர்துராணி என்ற அம்மா அதைத் தைப்பார் என்று அனுப்பி வைத்தார்கள். என் வயதுதான் இருக்கும். அவருடைய அப்பா குதிரை வண்டிகளுக்குச் சேணம் தைத்தவர். இவர் இடுப்புப் பட்டை, முதுகுக் கச்சை, என்னைப் போன்றவர்களுக்குக் கால் உறை என்று ஆஸ்பத்திரிக்குத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

போன உடனே என் கண் அவர் பெட்டிக்குத்தான் போயிற்று. தொழில்காரன் புத்தி. ஒரு கத்தி, பழைய அரத்தை அடித்துத் தட்டையாக்கி அரைவட்டமாகத் தீட்டியது. எருமைத் தோலில் அதை வைத்து ஒரே இழுப்பாக இழுத்தார், சத்தமே வரவில்லை. எனக்கு உடம்பு சிலிர்த்தது. தட்டுவதற்குப் புளியங்கட்டையில் ஒரு கொட்டாப்புளி. ஓரத்தைத் தேய்த்து வழுவழுப்பாக்க ஒரு எலும்புத் துண்டு. தையலுக்கு இடம் குறிக்க ஒரு சின்னப் பல் சக்கரம். எல்லாம் கைபட்டுக் கைபட்டு மினுமினுத்தன.

தோலில் துளை போடுகிற குத்தூசியைப் பார்த்ததும்தான் முகம் சுளித்தேன். கறுத்துப்போய், நசுங்கினது போல இருந்தது. விரலில் உருட்டினால் உருளவில்லை.

"என்னம்மா, இதை வச்சா தைக்கிறீங்க? தேஞ்சே போச்சே."

"தேயலைங்கண்ணே. அப்பா வச்சிருந்தது. அது அப்படித்தான் இருக்கும்" என்றார்.

அவர் சொன்னதை நான் காதில் வாங்கினால்தானே!

பாலக்கரையில் என் சிநேகிதர் காஜா மைதீன் சொந்தமாக ஒரு சின்ன லேத்துப் பட்டறை வைத்திருந்தார். ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அவருடைய லேத்தில் ஒரு குத்தூசி கடைந்தேன். ஏழு மாதத்துக்குப் பிறகு கைக்கு வேலை. நல்ல எஃகு. அங்குலத்தை ஆயிரம் பங்கு போட்டால் ஒரு பங்கை நாங்கள் தவு என்போம். அதில் அரைத் தவு கூட ஏறவில்லை, இறங்கவில்லை. கண்ணாடி மாதிரி பாலீஷ். தோதகத்தி மரத்தில் பிடி, கழுத்தில் பித்தளைப் பூண். காஜா மைதீன் வாங்கிப் பார்த்துவிட்டு, "மாஷா அல்லா, இதைக் கல்யாணப் பொண்ணுக்குச் சீரா குடுக்கலாம்பா" என்றார்.

லூர்துராணி அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நகை மாதிரி இருக்குங்கண்ணே. ஆனா உருண்டையா இருக்கே."

"பின்னே? அரைத் தவு வித்தியாசம் கிடையாது" என்றேன் பெருமையாக.

"நான் என் ஊசியாலயே தச்சுடறேனே" என்று அவர் மெதுவாகச் சொன்னதும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. இரண்டு நாள் உட்கார்ந்து செய்திருக்கிறேன், ஒரு மரியாதைக்காவது தொட்டுப் பார்க்கக் கூடாதா, பதினாறு வருஷமாக இரும்போடு கிடக்கிறவனுக்கு ஊசி தெரியாதா என்று பொரிந்து தள்ளினேன். அவர் தன் ஊசியைப் பெட்டியில் வைத்தார். பிறகு என் ஊசியாலேயே தைக்க ஆரம்பித்தார். நான் முழுவதும் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

உறை கச்சிதமாக இருந்தது. பத்து நாள் குவார்ட்டர்ஸ் வாசலில் நடந்து பழகினேன். "நடக்கிறீங்களா, ஊர்கோலம் போறீங்களா?" என்று கேலி செய்வாள் என் பெண்சாதி செல்லக்கண்ணு. ஆனால் நான் திரும்பும்போதெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

பதின்மூன்றாம் தேதி புதன்கிழமை, அவள் வேண்டுதலுக்காக ஸ்ரீரங்கம் போனோம். தோல் போட்டுக்கொண்டு சன்னிதிக்குள் போக முடியாது. அவள் உள்ளே போனாள், நான் உத்தர வீதியில் நடை பழகினேன். பூக்கடையைத் தாண்டித் திரும்பும்போது தொடையில் ஏதோ பிரிகிற மாதிரி இருந்தது. அடுத்த அடி வைத்தேன், படாரென்று சத்தம். தபால் தலைத் தாளை வரிசையாகக் கிழிப்பது போலத் தையல் ஓட்டைகள் வழியாகவே தோல் கிழிந்துவிட்டது. மரக்கால் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். "ஐயையோ, ஸ்வாமி, பார்த்து!" என்று நாமம் போட்ட பெரியவர் ஒருவர் ஓடிவந்து தூக்கினார். கடைத்தெருவே என்னைப் பார்த்தது. வெளியே வந்த செல்லக்கண்ணு கையிலிருந்த துளசியை அப்படியே போட்டுவிட்டாள்.

ஜட்கா பிடித்து நேரே புத்தூர். ஐந்தே நாள் இருக்கிறது. கொட்டகை வாசலிலிருந்தே கத்தினேன். "என்னம்மா தச்சீங்க? நடுத்தெருவுல விழ வச்சிட்டீங்களே! என் வேலையே போகப்போகுது!"

லூர்துராணி பதிலுக்குக் கத்தவில்லை. கிழிந்த உறையை வாங்கிப் பார்த்தார். ஒரு துண்டுத் தோலை எடுத்து, என் ஊசியால் ஒரு குத்து, தன் ஊசியால் ஒரு குத்துக் குத்தி என் கையில் கொடுத்தார்.

"வெளிச்சத்துல பாருங்கண்ணே."

பார்த்தேன். என் ஊசி போட்ட துளை வட்டமாக, திறந்த கண்ணாக நின்றது. அதன் வழியாகத் தெரு தெரிந்தது. அவருடைய ஊசி போட்ட இடத்தில் துளையே தெரியவில்லை. சாய்வாக ஒரு கீறல், ஊசியை எடுத்ததும் தோல் தானாக மூடிக்கொண்டுவிட்டது.

"நாலு பட்டை ஊசி, தோலை விலக்கிட்டு வழி பண்ணும். அப்புறம் தோலே நூலைக் கவ்விக்கும். உருண்டை, தோலோட நாரை அறுத்துடும். நூல் உள்ள ஆடும். ஆட ஆடத் தின்னும்."

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"சொல்ல வந்தேன். நீங்க கோவப்பட்டீங்க. கால் உங்களுது, ஊசி உங்களுதுன்னு விட்டுட்டேன்." ஊசியைக் கீழே வைத்தார். "அது என் தப்புதான். தையல் என்னுது. விட்டிருக்கக் கூடாது."

அந்த இடத்தில் எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. செல்லக்கண்ணு என்னைப் பார்த்த பார்வைக்கு, உத்தர வீதியிலேயே கிடந்திருக்கலாம்.

லூர்துராணி புதுத் தோல் வெட்டி, ஓரத்துக்கு இரட்டைப் பட்டை வைத்து, அப்போதே தைக்க உட்கார்ந்தார். ஆறாவது துளையில் அப்பாவின் ஊசி நுனி 'டிக்'கென்று ஒடிந்தது. அந்த அம்மா ஒடிந்த துண்டைப் பொறுக்கிப் பெட்டியில் பத்திரமாக வைத்தார். கடைவீதியில் கிடைக்கிற ஊசி செருப்புக்கு ஆகும். இந்தத் தடிமனுக்கு வளைந்துவிடும் என்றார்.

"நான் செஞ்சு தரேன்மா" என்றேன். "நீங்க சொல்றபடி."

லேத்து எதைக் கொடுத்தாலும் உருட்டித்தான் தரும். நாலு பட்டை வேண்டுமென்றால் கைதான். கக்கத்துக் கட்டையைச் சுவரில் சாத்தி வைத்துவிட்டு, காஜா மைதீன் பட்டறைத் தரையில் உட்கார்ந்து, பழைய கார் சுருள்வில் கம்பி ஒன்றை அரத்தால் ராவினேன். ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்த முதல் வருஷத்துக்குப் பிறகு இப்படி ராவியதில்லை.

வியாழக்கிழமை கொண்டுபோன ஊசியை அவர் ஒரு குத்துக் குத்திவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இது கத்திண்ணே. நுனி மட்டும் வெட்டட்டும். பின்னாலே வழி விட்டாப் போதும்." பட்டையின் விளிம்புகள் கோட்டைத் தாண்டி அறுத்திருந்தன. எனக்குக் கோபம் வருமென்று நானே எதிர்பார்த்தேன். வரவில்லை.

வெள்ளிக்கிழமை சுதந்திர தினம். காஜா மைதீன் குல்லாயை எடுத்து வைத்துக்கொண்டே, "ஜும்மாவுக்குப் போயிட்டு வரேன். அதுக்குள்ள என் கடையையும் சேர்த்து ராவிடாதே" என்றார். இரண்டாவது ஊசி வடிவத்தில் சரி. ஆனால் அவசரத்தில், பழுக்கக் காய்ச்சிய கையோடு தண்ணீரில் முக்கி முறுக்கேற்றினேன். அன்று சாயங்காலமே லூர்துராணி கையில் ஒடிந்தது. திரும்பி வரும்போது செல்லக்கண்ணுவிடம், "ஸ்டோர் வேலையும் வேலைதானே?" என்று கேட்டேன். "அதைத் திங்கட்கிழமை கேளுங்க" என்றாள்.

சனிக்கிழமை மூன்றாவது. நுனிப் பக்கம் மட்டும் வெட்ட விட்டு, மேலே விளிம்புகளை எண்ணெய்க் கல்லில் மழுக்கினேன். எண்ணெயில் முக்கி, மறுபடி கரியடுப்பின் மேல் காட்டி, வைக்கோல் நிறம் வரும்வரை பொறுத்திருந்தேன். பாலீஷ் போடவில்லை. பட்டைகள் நாலும் அளவில் ஒன்றுக்கொன்று கொஞ்சம் முன்னே பின்னே இருந்தன. என் சூப்பர்வைசர் பார்த்தால் குப்பையில் போடுவார். லூர்துராணியின் அப்பா வைத்திருந்த பழைய பிடியிலேயே அதை ஏற்றிக் கொடுத்தேன்.

லூர்துராணி ஊசியில் மெழுகு தடவி, தோலில் வைத்து அழுத்தினார். போனது தெரியாமல் போயிற்று. இழுத்ததும் தோல் மூடிக்கொண்டது. அவர் என்னைப் பார்க்கவில்லை. அடுத்த துளைக்குப் போனார், அதற்கடுத்ததற்குப் போனார். குத்து, இரண்டு பக்கமும் நூல், இழு; குத்து, நூல், இழு. மத்தியானம் தொடங்கி விளக்கு வைக்கிற வரைக்கும் தலை நிமிரவில்லை. என் கையிலிருந்து எத்தனையோ சாமான் போயிருக்கிறது, எந்த ரயிலில் எந்த ஊரில் ஓடுகிறதோ தெரியாது. நான் செய்த ஒன்று வேலை செய்வதை இப்படி எதிரில் உட்கார்ந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. அவ்வளவு அழகாக இருந்தது.

திங்கட்கிழமை ரயில்வே டாக்டர் உறையைத் தட்டிப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார். எழுந்து நிற்கச் சொன்னார். பத்து நிமிஷம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வைத்தார்.

"கதவுவரைக்கும் நடந்துட்டுத் திரும்பி வாங்க."

நடந்தேன். கதவு வந்தது. ஒர்க்‌ஷாப் மத்தியானச் சங்கு ஊதுகிற சத்தம் கேட்டது. சாப்பாட்டுத் தூக்குகளோடு ஆட்கள் வெளியே வருவார்கள், என் செக்‌ஷன் ஆட்கள் முதலில் வருவார்களா, கடைசியில் வருவார்களா, லேத்தை யார் துடைத்து வைத்திருப்பான் என்று யோசித்துக்கொண்டே வராந்தாவைத் தாண்டிப் படியிறங்கி, கேட்டைக் கடந்து, ரோட்டோரமாகப் போய்க்கொண்டிருந்தேன். பின்னாலே யாரோ ஓடிவரும் சத்தம் கேட்ட பிறகுதான் நின்றேன். காலை விட்டுவிட்டு வேறு எதையோ நினைத்துக்கொண்டு நடந்திருக்கிறேன். ஏழு மாதத்தில் முதல் தடவை. நடுரோட்டில் எனக்கு அழுகை வந்தது, துடைத்துக்கொள்ளவும் இல்லை.

டாக்டரின் பியூன் மூச்சு வாங்க வந்து நின்றான்.

"சார், டாக்டர் பேனாவை வச்சுக்கிட்டுக் காத்திருக்காரு. லேத்து வேலைன்னு எழுதவா, இல்ல தபால்காரர் வேலைன்னு எழுதவான்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு."

"லேத்துன்னு எழுதச் சொல்லுப்பா" என்றேன். "நான் பின்னாலேயே நடந்து வரேன்."