நீலம் தட்டிய பெட்ரோல்

தொண்ணூற்றாறாம் வருடத்துக் கார் நெல் பருவத்தில், பத்தமடைக்குக் கிழக்கே பொட்டலில் ஓடுபாதை போட்டு, நெல்லுக்கு வானத்திலிருந்து மருந்தடிக்க ஒரு கம்பெனி வந்திறங்கியது. விமானம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒற்றை ஆள் உட்காரும், இறக்கை வைத்த வண்டி. ஸ்கூட்டரைப் போல அதற்கும் பெட்ரோலில் ஆயில் கலந்தாக வேண்டும். பங்கிலிருந்து கேனில் வரும் பெட்ரோலுக்கு ஆயிலை அளந்து கலப்பது சண்முகசுந்தரியின் வேலை. வேதியியல் பட்டதாரி, அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். யாரையும் லேசில் நம்பமாட்டாள்.

ஒருநாள் காலை ஆற்றுக்கு மேலே எஞ்சின் இருமி அணைந்தது. ஓட்டிய அலெக்ஸ் எப்படியோ மிதந்து வந்து பொட்டலில் இறக்கிவிட்டான். பிளக்கைக் கழற்றினால் தார் பூசினாற்போல் கரி.

"இன்னும் நாலு தென்னை தள்ளி எஞ்சின் நின்னிருந்தா, எங்க ஊரு மணப்பாட்டுக் கோயில்ல எனக்குச் சாவுப் பூசை வச்சிருப்பாவ" என்று சிரித்தான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கேனில் இன்னும் ஆயில் கலக்காமல் மிச்சமிருந்ததைக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றிப் பார்த்தாள். லேசான நீலம். ரேஷன் மண்ணெண்ணெயின் நீலம். வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டாள். நல்ல பெட்ரோல் தடமில்லாமல் பறந்துவிடும். இது கறையாக நின்றது.

"பங்க் இன்பமணி அண்ணாச்சி மண்ணெண்ணெய் கலக்காரு சார்."

மேலாளர் ஞானசம்பந்தன் பதறிப்போனார். "பைய பேசும்மா! பெரிய மனுசர் அவரு. நாளைச் சாயங்காலம் வண்டி பறந்தாகணும்."

"விழுந்தா நீங்களா சார் விழப்போறீக?"

மறுநாள் மதியம், தான் வருமுன் யாரும் பறந்துவிடாதபடி விமானத்தின் டேங்க் மூடியைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு, தாளும் காலிக் கேனுமாகப் பங்குக்குச் சைக்கிளில் கிளம்பினாள்.

இன்பமணி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஏம்மா, காலேஜுக்குப் போயிட்டு வந்தா ஊர்ல உள்ளவன்லாம் களவாணியாத் தெரிவானோ?"

"தெரியுதது தெரியுது. குழாயிலேருந்து இந்தத் தாள்ல ஒரு சொட்டு விடச் சொல்லுங்க."

விட்டார்கள். காற்றோடு போனது, கறை இல்லை. அடுத்த குழாயிலும் இல்லை. சுற்றி நின்றவர்கள் இளித்தார்கள். அவள் முகம் சுருங்கியது, சந்தேகம் சுருங்கவில்லை. குழாய்க்கு ஒன்று, கேனுக்கு ஒன்றா?

"இந்தக் கேனை நிரப்புங்க. நான் பாக்கணும்."

பங்கில் வேலை பார்க்கும் பூதத்தான் கேனை வாங்கினான். யாரும் சொல்லாமலே தூணோரத்து டின்னில் இருந்து நீல ஆயிலை ஒரு குவளை மொண்டு கேனில் ஊற்றிவிட்டு, குழாயைச் சொருகினான்.

"நிறுத்துங்க! என்னத்த ஊத்துதீங்க?"

"ஆயில்தாம்மா. கேன்ல வாங்குதவுக பூரா வயல்ல மருந்தடிக்கிற கைமிசினுக்குத்தான வாங்குதாவ. ஆயில் இல்லாமக் குடுத்தா மிசின் போச்சுன்னு வந்து ஏசுதாவ. கேனைக் கண்டாலே கை தானா டின்னுக்குப் போயிருது."

அவள் முந்தைய நாள் தாளை எடுத்துப் பார்த்தாள். கறை இன்னும் பிசுபிசுத்தது. மண்ணெண்ணெய் என்றால் இரவுக்குள் காய்ந்திருக்கும், காயாதது ஆயில். படித்த பிள்ளைக்கு இது தெரியாததா? கோபம் முந்திக்கொண்டது. இங்கே ஒரு மடங்கு ஆயில், அங்கே அவள் கையால் இன்னொரு மடங்கு. கூடிப்போன ஆயில்தான் பிளக்கில் கரியாய் அடைத்திருக்கிறது. அலெக்ஸைத் தள்ளப் பார்த்த கைகளில் ஒன்று அவளுடையது.

"இப்ப என்ன சொல்லுத?" என்றார் இன்பமணி.

"மண்ணெண்ணெய்ன்னது தப்பு அண்ணாச்சி." தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். "ஆனா கேனைக் கழுவி, வெறும் பெட்ரோல் ஊத்தித் தாங்க. நாளைக்கும் தாளோடதான் வருவேன்."

"நாளைக்குமா!"

"என்னைக்கும்."

சாயங்காலம் டேங்கில் கிடந்ததை வடித்துவிட்டுப் புது பிளக் மாட்டி, அலெக்ஸ் காத்து நின்றான். அவள் புதுக் கேனிலிருந்து ஒரு சொட்டைத் தாளில் விட்டாள்.

"இப்பவாவது மூடியத் தருவியா?"

"பொறுங்கண்ணே. காயட்டும்."