முதலில் தரை

பாலிஷ்காரருக்கு உள்ளங்காலில் கண் இருந்தது. முகத்தில் இருந்த இரண்டும் பெண்டாட்டி பிள்ளைகளைப் பார்த்தனவோ இல்லையோ, காலில் இருந்தது தரையில் கிடக்கும் ஒரு துணுக்கைக்கூட விட்டதில்லை.

ஓட்டல், வங்கி, பெரிய ஆஸ்பத்திரி என்று ஊரில் எங்கே மார்பிள் போட்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். மெஷினை ஓட்டி முடித்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, வலது காலைத் தேய்த்துத் தேய்த்துத் தரை முழுக்க நடந்து பார்ப்பார். எங்கேயாவது தட்டுப்பட்டால் மறுபடியும் மெஷின். தொழிலில் இது நல்ல பழக்கம்தான். ஒரே ஒரு மணல் மெஷினுக்கு அடியில் மாட்டினால் போதும், கல் முழுக்கக் கீறிவிடும். வினை என்னவென்றால், மனுஷர் அந்தக் காலை வேலை செய்த இடத்தோடு விட்டுவிட்டு வரவில்லை. வீட்டுக்கும் அதே காலோடுதான் வந்தார்.

வீடு இரண்டே அறை. வேலை நடந்த இடங்களில் மிச்சம் விழுந்த வெள்ளைக் கற்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து, தானே பதித்து, தானே இழைத்து, மெழுகு போட்டு, குனிந்தால் முகம் தெரிகிற மாதிரி வைத்திருந்தார். வாசலில் நின்று எட்டிப் பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். "கொடுத்து வெச்சவம்மா நீ" என்று அவர் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். சொல்ல மாட்டார்களா பின்னே? துடைக்கிறது அவர்களா?

அந்த வீட்டில் ஐந்து வயதில் ஒரு பெண்ணும், இப்போதுதான் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகிய ஒரு பையனும் இருந்தார்கள். பெண் பெரியவள். பையன் உருண்டு திரண்டு இருந்ததால் உருண்டை. சின்னக் குழந்தையையும் வெள்ளைக் கல்லையும் ஒரே வீட்டில் வைத்துக்கொள்கிறவனுக்கு ஒன்று பொறுமை இருக்க வேண்டும், இல்லையென்றால் புத்தியாவது இருக்க வேண்டும். பாலிஷ்காரரிடம் மெழுகு டப்பாதான் இருந்தது.

உருண்டை பிஸ்கட் தின்றால் பாதி வாய்க்கும் பாதி தரைக்கும் போகும். வாழைப்பழம் கிடைத்தால் கொத்தனார் மாதிரி எடுத்துப் பூசிவிடுவான். அம்மா அவன் பின்னாலேயே முட்டிபோட்டுக்கொண்டு வருவாள். முதலில் பூந்துடைப்பம், அப்புறம் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி, அதற்கப்புறம் காய்ந்த துணி. பினாயில் போடக் கூடாது, சோப்புத்தூள் காட்டவே கூடாது, கல் மங்கிவிடும் என்பது உத்தரவு. காய்ந்த துணி எந்நேரமும் அவள் இடது தோளில் கிடந்தது. தூங்கும்போதுகூடச் சில நாள் அதை எடுக்க மறந்துபோவாள்.

சாயங்காலம் அவர் வந்து வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டால் பெரியவள் ஓடிப்போய்க் கட்டில் மேல் ஏறிக்கொள்வாள். அவர் கண்ணை மூடிக்கொள்வார். வலது கால் தரையைத் தடவிக்கொண்டு வாசலிலிருந்து அடுப்படி வரைக்கும் வரும். நடுவில் அந்தக் கால் நின்றால் முடிந்தது கதை. குனிந்து, உள்ளங்காலில் ஒட்டியதை விரல் நுனியில் எடுத்து, மனைவி முகத்துக்கு நேரே நீட்டுவார்.

"இது என்ன?"

"சர்க்கரைங்க. பாலுக்குப் போடறப்ப ஒரு துளி..."

பதில் சரியாக இருந்தாலும் அறைதான், தப்பாக இருந்தாலும் அறைதான். அப்புறம் எதற்குக் கேட்கிறார் என்று தெரியாது. சத்தம் போட மாட்டார். அதனால்தான் அக்கம்பக்கத்தில் அவருக்குத் தங்கமான மனுஷன் என்று பெயர்.

ஒரு தடவை அறைந்த அறையில் அவளுக்கு மூக்கு உடைந்தது. இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டாள். விரல் இடுக்கு வழியாகத் தரையில் சொட்டியது. அவர் அவள் தோளிலிருந்த துணியைப் பிடுங்கி அவள் காலடியில் எறிந்தார்.

"முதல்ல கல்லைத் துடை. மூக்கு தானா நிக்கும்."

அவள் துடைத்தாள். துடைக்கத் துடைக்க மேலே சொட்டியது. அவர் கட்டிலில் உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கிறவர் மாதிரி மகளுக்கு விளக்கினார்.

"டீ, பழச்சாறு, ரத்தம். இந்த மூணும் கல்லுக்கு ஆகாது. கொஞ்சம் விட்டோம்னா கல்லு குடிச்சிடும். குடிச்சதைத் திரும்பத் தராது. தெரிஞ்சுதா?"

பெரியவள் தலையை ஆட்டினாள்.

மறுநாள் மாடிவீட்டு நர்ஸ் அவள் வீங்கிய மூக்கைப் பார்த்தாள். தனியாக இருக்கிறவள், வாயை அளந்து திறக்கிறவள். "எப்படின்னு கேட்கப் போறதில்லை" என்றாள். "என்னிக்காவது கிளம்பணும்னு தோணிச்சுன்னா ரொம்பத் தூரம் போக வேணாம். மாடி ஏறினா போதும். கதவைத் தாழ் போட மாட்டேன்." இவள் சிரித்து மழுப்பிவிட்டு உள்ளே வந்துவிட்டாள். அடித்தாலும் என்னைத்தானே அடிக்கிறார், பிள்ளைகள் மேல் கை வைத்ததில்லையே என்று அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. எத்தனை பேர் இந்தக் கணக்கைப் போட்டுத் தோற்றிருக்கிறார்கள் என்று யார் அவளுக்குச் சொல்வது?

கணக்கு தப்பு என்று ஒரு காலையில் தெரிந்தது. அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அறையில் பெரியவள் குரல் கேட்டது. மெதுவான குரல், அதட்டலே இல்லை.

"இது என்ன?"

எட்டிப் பார்த்தாள். பெரியவள் விரல் நுனியில் ஒரு பிஸ்கட் துணுக்கைத் தம்பி முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டிருந்தாள். அவன் பாவம், அதைத் தனக்கு ஊட்டுகிறாள் என்று நினைத்து வாயைத் திறந்தான். திறந்த வாயோடு சேர்த்து ஓர் அறை விழுந்தது. அறைந்த கையோடு பெரியவள் கட்டிலில் கிடந்த ஒரு துணியை எடுத்து அவன் காலடியில் எறிந்தாள்.

அம்மா ஈரக் கையோடு ஓடிவந்தாள். பெண்ணைப் பிடித்து உலுக்கினாள். ஏண்டி இப்படிச் செய்தாய் என்று கேட்க வாய் வரவில்லை, பதில் அவளுக்கே தெரியும். இந்த வீட்டில் பிள்ளைகள் தரையை மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. இன்னும் கொஞ்ச நாள் போனால் இந்தப் பெண் ஒன்று அப்பாவாக ஆவாள், இல்லையென்றால் அம்மாவாக ஆவாள். இரண்டில் எது மோசம் என்று அவளால் சொல்ல முடியவில்லை. அன்று முழுக்க அதே பயம் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. ஆனாலும் சாயங்காலம் செருப்புச் சத்தம் கேட்பதற்குள் துடைத்து முடித்துவிட்டாள்.

அந்த வாரம்தான் அவர் புது மெழுகு போட்டார். ஏதோ பெரிய கட்டடத்து வரவேற்பறைக்கு வந்த மெழுகு, மிச்சத்தைக் கொண்டுவந்திருந்தார். தரையில் எறும்பு நடந்தால்கூட வழுக்கும் போலிருந்தது.

"என்னங்க, உருண்டை இப்பதான் கையை விட்டு நிக்கறான். இதுல வழுக்கிடுவானே" என்றாள்.

"விழுந்து எந்திரிச்சா நடக்கக் கத்துக்கறான்."

"ஒரு பாயாவது விரிச்சு வைக்கறேனே."

"மெழுகு போட்ட கல்லு மேல பாயா? நீ என்ன வீட்டை வெச்சிருக்கியா, மாட்டுக் கொட்டகை வெச்சிருக்கியா?" அவள் விரித்த பாயைச் சுருட்டி வெளியே வீசினார். போகிற போக்கில் அவள் காதோடு சேர்த்து ஒன்று வைத்துவிட்டுப் போனார். சாயங்காலம் வரைக்கும் அந்தக் காதில் வண்டு குடைந்தது.

மறுநாள் மத்தியானம் உருண்டை கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். அம்மா எதிர்ப்பக்கம் முட்டிபோட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவன் கையை விட்டான். ஓர் அடி வைத்தான். இன்னோர் அடியும் வைத்தான். "அம்மா, தம்பி நடக்கறான் பாரு" என்று பெரியவள் கத்தினாள். அவள் நிமிர்ந்து பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பாக அவளைப் பார்த்துத்தான் வந்தான். மூன்றாவது அடியில் இரண்டு காலும் முன்னால் போய்விட்டன. பின்மண்டை போய் நிலைப்படிக் கல்லின் விளிம்பில் மோதியது. தேங்காய் உடைகிற சத்தம்.

அவள் பாய்ந்தாள். ரத்தம் கல்லின் மேல் பரவிக்கொண்டிருந்தது. தோளிலிருந்த துணி கைக்கு வந்துவிட்டது. பரவுகிற ஓரத்தில் அணை போட்டு, உள்பக்கமாக இழுத்து, மடித்து, மறுபடி இழுத்துத் துடைத்தாள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருந்த கோட்டில் இறங்காமல் விரலால் துணியை அழுத்தினாள். கை தானாக ஓடியது. துணி நனைந்துவிட்டது. இன்னொரு துணி வேண்டும் என்று நினைத்தாள்.

"அம்மா" என்றாள் பெரியவள். "தம்பி அழவே இல்லைம்மா."

அப்போதுதான் அவள் பிள்ளையைப் பார்த்தாள். கண் பாதி சொருகி, உதடு வெளுத்து, அவள் முட்டிக்குப் பக்கத்திலேயே கிடந்தான். வாரிச் சுருட்டி எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள்.

நர்ஸ் கேள்வி கேட்கவில்லை. காயத்தில் துணியை வைத்து அழுத்தி, தெருவில் போன வண்டியை நிறுத்தி, மூவரையும் ஏற்றி, தான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனாள். ஊசி குத்தியதும் உருண்டை வீறிட்டான். அந்த அழுகை காதில் விழுந்த பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது. தையல் போட்டு, படம் எடுத்துப் பார்த்து, உள்ளே ஒன்றும் இல்லை, தப்பித்தான் என்றார் டாக்டர்.

"விழுந்த உடனே தூக்கிட்டு வந்துட்டீங்க இல்ல?"

"ம்" என்றாள் அவள். வண்டியில் திரும்பி வரும்போது அந்த 'ம்' கூடவே வந்தது.

உருண்டையை நர்ஸ் மடியில் தூங்க வைத்துவிட்டு அவள் கீழே இறங்கினாள். பெரியவளும் பின்னாலேயே வந்தாள். கதவைத் திறந்து விளக்கைப் போட்டாள். நிலைப்படியைப் பார்த்தாள். ஒரு பொட்டு இல்லை, ஒரு கோடு இல்லை. பிள்ளை அங்கே விழுந்தான் என்று யாராவது சொன்னால் நம்ப முடியாது. அவ்வளவு சுத்தமாகத் துடைத்திருந்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு காலைத் தேய்த்திருந்தால்கூடக் கண்டுபிடித்திருக்க மாட்டார். முதல் தடவையாக முழு மார்க் வாங்கியிருப்பாள்.

அவளுக்குத் தன் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது. அதைவிட நல்ல வேலை ஒன்று இருப்பது ஞாபகம் வந்தது.

"கட்டில் மேல ஏறி உட்காரு. நான் சொல்றவரைக்கும் கால் கீழே படக் கூடாது" என்று மகளிடம் சொன்னாள். காலில் செருப்பு மாட்டிக்கொண்டாள். மூலையில் அவருடைய பழைய கருவிப் பை இருந்தது. கல் உடைக்கிற சுத்தியலை எடுத்தாள். நிலைப்படியில்தான் முதல் அடி விழுந்தது.

முதல் அடியில் கீறல் விட்டது. அடுத்ததில் விளிம்பு பெயர்ந்தது. அப்புறம் அவளை நிறுத்த ஆளில்லை. முகம் தெரிகிற கல் ஒவ்வொன்றிலும் தன் முகத்தின் மேலேயே ஓங்கி அடித்தாள். சில்லு தெறித்துக் கன்னத்தைக் கிழித்தது. உள்ளங்கை தோல் உரிந்து பிடி வழுக்கியது, புடவையில் துடைத்துக்கொண்டு மறுபடி அடித்தாள். அழுகிறோம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை. அடுத்த வீட்டுக்காரர்கள் வாசலில் கூடினார்கள். தங்கமான மனுஷனின் பெண்டாட்டிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பாலிஷ்காரர் வந்தார். உள்ளே பார்த்தார். முகம் வெளுத்துப்போயிற்று. அந்த நேரத்திலும், வீடு முழுக்கக் கத்தி மாதிரி சில்லு கிடக்கும்போதும், மனுஷர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே கால் வைத்தார்.

மெழுகு பூசிய சில்லு ஒன்று வலது உள்ளங்காலில் ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த அடி வைத்தார், அதிலும் ஏறியது. வந்து அவள் கொண்டையைப் பிடித்துச் சுவரில் மோதினார். ஒரு தடவை, இரண்டு தடவை. அவளுக்குக் கண் இருட்டியது. வாயில் உப்புக் கரித்தது.

"என் தரைடி இது" என்றார். அப்போதும் அவர் குரல் உயரவில்லை.

அவள் கையில் சுத்தியல் இன்னும் இருந்தது. குனிந்த வாக்கில் வீசினாள். அவர் முட்டியில் இறங்கியது. கொண்டையைப் பிடித்த கை விட்டுப்போயிற்று. மனுஷர் தன் கற்கள் மேலேயே சரிந்து விழுந்தார். ஊன்றிய கையிலும் கிழித்தது. அன்றுதான் அக்கம்பக்கத்தார் முதல் தடவையாக அவர் சத்தத்தைக் கேட்டார்கள்.

வலது காலிலிருந்து ரத்தம் கொட்டியது. உடையாமல் மிஞ்சியிருந்த ஒரு வெள்ளைக் கல்லின் மேல் அது பரவியது. கட்டிலில் ஏதோ அசைந்தது. பெரியவள் கையில் ஒரு துணியோடு ஒரு காலைக் கீழே விட்டுக்கொண்டிருந்தாள்.

"கல்லு குடிச்சிடும்மா" என்றாள்.

அவள் சுத்தியலைப் போட்டுவிட்டுப் போய்ப் பெண்ணை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். துணியை அவள் கையிலிருந்து விரல் விரலாகப் பிரித்து எடுத்துக் கட்டிலில் போட்டாள்.

"குடிக்கட்டும்" என்றாள்.

செருப்புக் காலால் சில்லுகளை மிதித்துக்கொண்டு வெளியே வந்தாள். கூட்டம் வழிவிட்டது. யாரும் கொடுத்து வைத்தவள் என்று சொல்லவில்லை. மாடிக் கதவு தாழ் போடாமல்தான் இருந்தது.

நர்ஸ் இருவரையும் பார்த்தாள். உள்ளே விட்டுத் தாழ் போட்டாள், போலீசுக்குப் போன் செய்தாள், பஞ்சை எடுத்து வந்தாள். உருண்டை விழித்துக்கொண்டான். பால் கொடுத்ததும் கிண்ணத்தைத் தட்டிவிட்டான். நர்ஸ் வீட்டுச் சிமெண்டுத் தரையில் பால் ஓடியது. பெரியவள் அப்படியே உறைந்துபோய் அம்மாவைப் பார்த்தாள்.

அம்மாவின் கை தோளுக்குப் போயிற்று. அங்கே துணி இல்லை. கை ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. அப்புறம் அதை நீட்டிப் பிள்ளையை வாங்கி, முந்தானையால் அவன் வாயைத் துடைத்து, கட்டுப் போட்ட தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். பெரியவள் தயங்கித் தயங்கி வந்து தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டாள். பால் தரையில் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.