தயிர்ச் சட்டிக்குப் பக்கத்தில்

பிரிட்ஜ் கதவைத் திறந்ததும் எரிகிற சின்ன விளக்கில் அந்த இடம் மட்டும் காலியாக இருக்கிறது, தயிர்ச் சட்டிக்கும் மல்லித்தழைக் கட்டுக்கும் நடுவில், என் மாத்திரை பாட்டில் இருக்க வேண்டிய இடம், காய்ச்சலில் கண் மங்குகிறதோ என்று கையை விட்டுத் துழாவுகிறேன், இல்லை, காலையில் விழுங்கிவிட்டு நான்தானே வைத்தேன், மத்தியானத்தில் நான் எழுந்து வருவேன் என்று இந்த வீட்டில் யாரும் எதிர்பார்க்கவில்லை, தேடிப் போனால், பின்னால் தகரக் கொட்டகையில், துணி சோப்புக்கும் பினாயிலுக்கும் பக்கத்தில், சித்திரை வெக்கையில் நிற்கிறது பாட்டில், தொட்டால் சுடுகிறது.

என் நுரையீரல் புற்றுக்கு இரண்டு மாத்திரை, ஒன்று வெளியே இருக்கலாம், மற்றது குளிரில்தான் இருக்க வேண்டும், ஒன்றை மட்டும் போட்டால் நோய் வேறு வழி பார்த்துக்கொள்ளும், அந்த வழியை மற்றது அடைக்கும் என்று டாக்டரம்மா தாளில் கோடு போட்டுக் காட்டினாள், ரெண்டும் சேர்ந்தாதாம்மா வேலை செய்யும், பக்கத்தில் உட்கார்ந்து இவரும் தலையை ஆட்டினார், என் வீட்டுக்காரர் கோமதிநாயகம், எதற்குத்தான் ஆட்டவில்லை அந்தத் தலையை.

பதினோரு பேருக்கு ஒரே அடுப்பு, ஒரே பிரிட்ஜ், தென்காசி முழுக்கப் பெருமை, கல்யாண வீடுகளில் எங்களைக் காட்டிப் பேசுவார்கள், நானும் பட்டுச்சேலை சரசரக்க நின்று பல்லைக் காட்டியிருக்கிறேன், வெட்கங்கெட்டவள், நான் இருமினால் தட்டை நகர்த்திக்கொள்கிற ஒற்றுமை, என் டம்ளரின் அடியில் நகப்பூச்சால் சிவப்புப் புள்ளி வைத்த ஒற்றுமை, செண்பகவடிவு அக்கா, இவருடைய அண்ணன் மனைவி, என் தலைப்பிரசவத்துக்கு வெந்நீர் ஊற்றிய கை அது, பாட்டிலை நீட்டிக் கேட்டதும் கூசவேயில்லை, பிள்ளைக சாப்பிடுத மாவுக்குப் பக்கத்துலயா அத வைக்கது, ஒட்டிக்கிடும்லா, அதான் தெனமும் எடுத்து வெளிய வச்சிருதேன், என்றாள், ஒட்டாது என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன், சரி, எடுத்தது இவள், தினமும் காலையில் திரும்ப வைத்தது யார், இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், ஏளா, அண்ணி மனசு நோகக் கூடாதுன்னுதான், நீ எந்திரிக்க முன்னால கொண்டாந்து வச்சிருவேன்லா, மருந்து தொடங்கிய இந்த மூன்று மாதமும் சுமந்திருக்கிறார், முகத்தில் பொறுப்பான களை வேறு.

அதன்பிறகு எடுத்த ஸ்கேனில் மிளகளவு இருந்த கட்டி சுண்டைக்காய் அளவு ஆகியிருந்தது, வெக்கையில் மருந்து கெட்டதால்தானா என்று கேட்டேன், உறுதியா சொல்ல முடியாதும்மா என்று டாக்டரம்மா புதுப் பாட்டில் எழுதித் தந்தாள், அடுத்த ஸ்கேன் ஆடியில், அதுவரை உயிரோடு இருக்க எனக்கு ஆசை, இவர்களுக்கு எரிச்சல் மூட்டவாவது.

புதுப் பாட்டிலை மாவுப் பாத்திரத்தின் மூடிமேலேயே வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப்போட்டு, பிரிட்ஜ் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறேன், உடம்பு கொதிக்கிறது, அக்கா எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள், அவள் புருஷன் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார், இவர் டம்ளரோடு வருகிறார், ஜில்லுனு தண்ணி வேணும், கொஞ்சம் எந்திரி, பானைல இருக்கு, மோந்துக்கிடுங்க, என்கிறேன், மோந்து, அண்ணாந்து குடிக்கக்கூடத் தெரியாத மனுஷன், வாய் வைத்துக் குடிக்கிறார், டம்ளரின் அடியில் சிவப்புப் புள்ளி தெரிகிறது, நான் சொல்லவில்லை, முதுகுக்குப் பின்னால் கதவு மூடியிருக்கிறது, உள்ளே விளக்கு அணைந்திருக்கும், பாட்டில் இருக்கும்.