கைப்பிடியைத் தின்றது யார்?

வருஷா வருஷம் பனிக்காலத்துக்கு முன்பே வாசல்படியின் கைப்பிடிக் கம்பியைச் சுரண்டி, கறுப்பு பெயின்ட் அடிக்கிறேன். எங்கள் சமோகோவ் ஊரில் என்னைப்போல் அடிப்பவன் கிடையாது. ஆனாலும் ஜனவரியிலேயே அடிப்பக்கம் துருவேறிப் பொரிந்துவிடுகிறது. அன்றும் துருவைப் பார்த்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தேன்.

“எல்லாம் அந்தப் பக்கத்து வீட்டு ஸ்வெத்கோவோட நாய்தான். இங்கேயே வந்து காலைத் தூக்குது. இன்னிக்குக் கையும் களவுமா பிடிக்கிறேன் பாரு!”

“அந்த வாயில்லா ஜீவனை விடுங்களேன். உட்காருங்க, பீன்ஸ் சூப் ஆறுது,” என்றாள் என் மனைவி நெத்கா.

உட்கார்ந்தவன் மறுபடி எழுந்து வெளியே போனேன். தெருவெல்லாம் பனிக்கட்டி பளபளத்தது. சற்று நேரத்தில் நெத்கா வாளியோடு வந்தாள். புளித்த வாடை அடித்தது.

“தள்ளுங்க. வருஷா வருஷம் ஊத்துற முட்டைக்கோஸ் ஊறுகாய்ப் பீப்பாய்த் தண்ணிதான். பனிக்கட்டி கரையட்டும்.”

“அடிப்பாவி, அது அத்தனையும் உப்புடி! இரும்பை அரிச்சுடும்!”

“அரிக்கட்டுமே. அன்னிக்கு வழுக்கி விழுந்து, இடுப்பு ஒடிஞ்சு கிடந்தீங்களே, அப்ப பெயின்ட் அடிச்சா சரிபண்ணினோம்?”

அவள் வாளியைப் படியில் கவிழ்த்தாள். ஆத்திரத்தில் கைப்பிடியைப் பிடித்து உலுக்கினேன். அது அடியோடு முறிந்து என் கையோடு வந்தது. நான் மட்டும் வழுக்கவில்லை.