சேக் பரீதுக்குப் படுத்துக்கொடுத்த மணல்மேடு

பரங்கிப்பேட்டைக்கும் கோரைக்குப்பத்துக்கும் நடுவில் இருந்த மணல்மேடு, 1961ஆம் வருஷம் மாசி மாதத்திலிருந்து சேக் பரீதின் ஜீப்புக்கு மட்டும் படுத்துக்கொடுத்தது. பனை உயர மேடு அது. மாட்டு வண்டி ஏறினால் அச்சு வரைக்கும் விழுங்கிவிடும். சேக் பரீது, கடலூரில் ஏலத்தில் எடுத்த பழைய பட்டாள ஜீப்பை அடிவாரத்தில் நிறுத்தி, டயர்களில் பாதிக் காற்றை இறக்கிவிட்டு, நாலு சக்கரமும் இழுக்கிற கியரைப் போட்டு, வெளியே தலையை நீட்டி, "வழி உடு" என்பார். மேடு சுமை இறக்கிய மாடு மாதிரி மெல்லப் படுக்கும். ஜீப் தாண்டியதும் எழுந்து நின்றுகொள்ளும். அந்த வருஷம் நெத்திலி மலிவு, முந்திரிக்கொட்டைக்குக் கிராக்கி. ஊரில் அதைப் பற்றித்தான் பேச்சு ஜாஸ்தி.

மேடு கேட்ட கூலி ஒன்றுதான். தன்னிலிருந்து ஒரு பொட்டு மணலும் வெளியே போகக் கூடாது. இதை அது எப்படிச் சொன்னது என்று யாரும் கேட்கவில்லை, சேக் பரீதும் சொல்லவில்லை. தார் ரோட்டில் ஏறும் முன் எல்லோரும் இறங்கியாக வேண்டும். ஆண்கள் கைலி மடிப்பை அவிழ்த்து உதறுவார்கள், பெண்கள் முந்தானையை உதறுவார்கள். மீன்காரி முத்தம்மாள் கூடையைக் கவிழ்த்துத் தட்டுவாள். பிரசவ வலியோடு வந்தவள்கூட உதறிவிட்டுத்தான் சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அப்புறம் சேக் பரீது துடைப்பத்தால் ஜீப்பைப் பெருக்கி, கைப்பம்பால் காற்றடிப்பார். அந்த ஜீப்தான் அவருக்குச் சோறு போட்டது. கோரைக்குப்பத்தில் அவருக்கு இருந்த மரியாதையும் அதனால் வந்ததுதான்.

அவர் மனைவி மெகருன்னிசாவின் அண்ணன் காசிம், பினாங்கிலிருந்து திரும்பியவர், இதையெல்லாம் முன் சீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வந்தார். மச்சான்கள் இருவரும் கல்யாண வீடுகளில் ஒரே சஹன் தட்டில் கைவைத்துச் சாப்பிடுகிறவர்கள். காசிமும் ஒரு ஜீப் வாங்கினார், புத்தம் புதுசு. மேடு அதை பானெட் வரைக்கும் முழுங்கியது. காளைகளைப் பூட்டி இழுத்தார்கள். மேட்டின் மணலே வண்டியில் இருந்தால் மேடு அதைத் தன் பிள்ளையாக நினைத்து வழிவிடும் என்று காசிமுக்கு ஒரு யோசனை வந்தது. சேக் பரீதின் ஜீப்பில் மேட்டுக்கு வரும்போதெல்லாம் ஒரு பிடி மணலைத் தலைத் தொப்பிக்குள் வைத்துக் கடத்தினார். எல்லாரும் துணியை உதறினார்கள். தொப்பியைக் கழற்றச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. மச்சானுடைய தொப்பியில் கைவைக்கிற வழக்கம் அந்தப் பக்கத்தில் கிடையாது.

புது ஜீப்பின் சீட்டுக்கடியில் மூட்டை நிறைந்த மறுநாள், சேக் பரீது சொல்லிச் சொல்லிப் பார்த்தும் மேடு படுக்கவில்லை. ஏறிய ஜீப்பை ஸ்டியரிங் வரைக்கும் மூடியது. தன்னைத் திருடன் என்று அது நினைத்துவிட்டது தெரிந்ததும் அவர் மணலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அந்த வெள்ளிக்கிழமை மேடு எழுந்து நடந்தது. அவருடைய ஜீப்பை வழியிலேயே உதிர்த்துவிட்டு, கடைத்தெரு வழியாக, யார் மீதும் இடிக்காமல் போய், சாயங்காலம் அஸர் பாங்கு சொல்லும் நேரத்தில் காசிமின் வீட்டைச் சுற்றி உட்கார்ந்தது. புது ஜீப் அடியோடு போயிற்று. மாடி மட்டும் வெளியே தெரிந்தது. தங்கை ஆள் வைத்து ஜன்னல் வழியாக இறக்கியபோது காசிம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

"தொப்பிக்குள்ளயா மச்சான்?" என்று கேட்டார் சேக் பரீது.

"ஒரு புடி ஒரு புடியாத்தான் எடுத்தேன்" என்றார் காசிம்.

மேடு போன இடம் சமதரையானது. ரோடு போட்டார்கள். 1965இல் சிதம்பரத்திலிருந்து கோரைக்குப்பத்துக்கு பஸ் வந்தது. முத்தம்மாள் அதில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனாள். அவளைக் குறை சொல்லக் கூடாது, பஸ் சீக்கிரம் போகிறது. சேக் பரீதுக்கு மச்சான் செய்ததைவிட மேடு செய்ததுதான் தாங்கவில்லை. திருடியவன் வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டு, உண்மையாய் இருந்தவன் பிழைப்பைக் கெடுத்துவிட்டதே. ஒரு நாள் ஜீப்பைக் காசிமின் தெருவில் நிறுத்தி மேட்டைப் பார்த்துச் சொன்னார்: "அவரு ஏமாத்துனது வேற. நீ என்னய ஒரு வார்த்த கேக்காமப் போயிட்ட."  அவர் வழி கேட்காமலேயே மேடு படுத்துக்கொடுத்தது.

அன்றிலிருந்து அந்த ஜீப்புக்கு ஒரே ஒரு பாதைதான், தெருவிலிருந்து காசிமின் மாடி வாசல் வரைக்கும். வேறு யாருக்கும் மேடு இறங்காததால், மாடியிலேயே திரும்பக் குடியேறிய காசிமுக்கு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போகவும் அந்த ஜீப்தான். மச்சான்களுக்குள் பேச்சு இல்லை. மேட்டின் அடிவாரத்தில் காசிம் இறங்கிக் கைலியை உதறுவார். சேக் பரீது வண்டியில் உட்கார்ந்தபடியே கையை நீட்டுவார். தொப்பியை வாங்கி, உள்பக்கம் வெளியே திருப்பி, மேட்டின் பக்கமாகத் தட்டுவார். அது கைக்குத் திரும்பும்வரை காசிம் நடுத்தெருவில் வெறுந்தலையோடு நிற்பார்.